கண்ணாடிக்காரரின் தொடக்க நிலை

எங்கள் பகுதி பின்தங்கிய பகுதி என்பதை மதிப்பீட்டுக் குழு வந்துதான் எங்களுக்குச் சொன்னது. அதற்கு முன்னால், பஸ் உள்ளே வராது, குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றினால் வரும், ஒரு ஊசி போட்டுக்கொள்ளப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று மட்டும் தெரிந்திருந்தது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு மேலிடத்தில் ஒரு ஜீப்பும் டிரைவரும் ஒதுக்குவார்கள் என்பது எங்களுக்குப் புது விஷயம்.

என் டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அங்கேதான் குடிநோய் சிகிச்சை மையம் நடந்துவந்தது. படுக்கை கிடையாது, ஆளைப் பூட்டிவைப்பது கிடையாது. குடியை விட நினைப்பவர்கள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் என் டயர்களைத் தாண்டிப் படியேறுவார்கள். நர்ஸம்மா முன்னால் நின்று மாத்திரையை விழுங்குவார்கள். அப்புறம் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்குவார்கள். அந்த நாலு வார்த்தை நர்ஸம்மா கண்டுபிடித்த முறை. மாத்திரையை நாக்குக்கு அடியில் பதுக்கி வைத்துக்கொண்டு யாராலும் ஒழுங்காகப் பேச முடியாதாம். "வீட்ல எல்லாரும் சொகமா?" என்று கேட்பார். பதில் குழறினால், "வாயத் தொற" என்பார்.

இன்னொரு முறையும் இருந்தது. ஒருவர் ஒருநாள் வரவில்லை என்றால், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய குடிகாரர் யாராவது போய்க் கதவைத் தட்டுவார். திறக்கும்வரை தட்டுவார். திறந்ததும் கையைப் பிடித்து இழுத்து வருவார். வழியெல்லாம் திட்டு வாங்குவார், சில சமயம் அடியும் வாங்குவார். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். "மருந்து பாதி, இந்தக் கதவு தட்டுறது பாதி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி முதன்முதலில் கரையேறியவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கண்ணாடியை வெட்டியதைவிடத் தன்னை வெட்டிக்கொண்டதுதான் அதிகம். என் டயர் அடுக்குக்குள் விழுந்து, வெளியே வரத் தெரியாமல் அதற்குள்ளேயே தூங்கியிருக்கிறார். லாண்டரியில் இஸ்திரி போடும் அவர் மனைவி வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்து அவரை உருவி எடுத்துக்கொண்டு போவார். அந்த மனிதர் இப்போது கண்ணாடியில் ஒரே கோடு கிழிக்கிறார், அடியில் லேசாகத் தட்டுகிறார், கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்டுப் பிளந்துகொள்கிறது. மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லி வருஷக்கணக்காகிறது. இப்போது படியேறுவதெல்லாம் தன் மச்சானைக் கொண்டுவந்து விடத்தான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அக்கா வளர்த்த பிள்ளை, அவருக்கு வேறு கூடப்பிறந்தவர் இல்லை. ஈரல் பழுதாகி, வயிறு உப்பி, ஒருமுறை சாவுவரை போய்த் திரும்பி வந்தவன். "இன்னொரு தடவ ஆரம்பிச்சான்னா எங்கிட்ட கூட்டிட்டு வராதீங்க" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடிக்காரர் தினமும் அவன் கதவைத் தட்டிக் கூட்டிவந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்தது.

குழு என்றதும் நாங்கள் ஒரு கூட்டத்தை எதிர்பார்த்தோம். இறங்கியது இரண்டு பேர். தலைவர் மெதுவாகப் பேசுகிறவர், எதற்கும் கோபப்படாதவர், சிரித்த முகம். கூட வந்த அம்மாள் துணைத் தலைவர். அவர் கழுத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கடிகாரம் தொங்கியது. தலைவர் படியில் ஏறி நின்று, கீழே நின்ற எங்களிடம் பேசினார்.

"நாங்கள் சிகிச்சைக்கு எதிரிகள் அல்ல. ஒரு சிகிச்சை பலன் தருகிறதா இல்லையா என்று தெரியாமலேயே நீங்கள் இத்தனை காலம் குணமாகிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இது எவ்வளவு ஆபத்தான விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். இனி அந்தக் கவலை வேண்டாம். மதிப்பீடு முடியும்வரை சிகிச்சை நடக்காது."

நர்ஸம்மா மட்டும் கேட்டார். "நடக்காதுன்னா? இவங்களுக்குத் தினமும் மாத்திரை குடுக்கணும் சார். நிறுத்தக் கூடாது."

"நிறுத்தவில்லை அம்மா, ஒத்திவைத்திருக்கிறோம். ஓடுகிற வண்டிக்கு டயர் மாற்ற முடியுமா?" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி. முடியாது என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகவே என்னைச் சமூகப் பிரதிநிதியாக நியமித்துவிட்டார்கள்.

இது சமூகம் சார்ந்த சிகிச்சையாம். ஆகவே மதிப்பீட்டிலும் சமூகம் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். குடிக்கிறவராகவோ, குடித்தவராகவோ, அவர்களுக்குச் சொந்தமாகவோ இல்லாத ஒருவர் வேண்டும். எங்கள் தெருவில் அப்படித் தேறியது நான் ஒருவன்தான். எனக்கு அல்சர். என் வேலை என்ன என்று கேட்டேன். "இருப்பதுதான்" என்றார் துணைத் தலைவர் அம்மாள்.

அன்றைக்கே மருந்து அலமாரிக்கு அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். டாக்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவு தட்டும் பழக்கத்தையும் கேள்விப்பட்டு அதற்கும் தடை போட்டார்கள். அது வெளித் தூண்டுதலாம். "ஒருவர் தானாகக் குடிக்காமல் இருக்கிறாரா, கதவைத் தட்டியதால் குடிக்காமல் இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் தலைவர். கண்ணாடிக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார்.

முதல் வாரம் வருகைப் பதிவேட்டை ஆராய்ந்தார்கள். வந்துகொண்டே இருப்பவர்களுக்குத் 'தொடர்பவர்' என்றும், வராமல் நின்றுபோனவர்களுக்கு 'விடுபட்டவர்' என்றும் பெயர் வைத்தார்கள். குணமாகி வேலைக்குப் போய்விட்டவர்கள் எல்லாரும் விடுபட்டவர்கள். எங்கள் தெருவில் ஒருவரை ஜெனரேட்டர் என்று கூப்பிடுவோம், குடித்தால் அப்படி ஒரு சத்தம் போடுவார். ஆரம்பித்த நாளிலிருந்து அவர் மையத்துக்கு ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை, ஒருநாள்கூடக் குடிக்காமல் வந்ததும் இல்லை. அவரைத்தான் மையத்தின் சிறந்த பயனாளி என்று அறிவித்துக் கைதட்டச் சொன்னார்கள். ஜெனரேட்டர் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இந்த மரியாதைய நான் எதிர்பாக்கல" என்றார். நாங்கள் சிரித்தோம். அந்தத் தெருவில் அதற்கப்புறம் யாரும் அப்படிச் சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை.

அடுத்தது தடுப்பு. உள்ளறையை இரண்டாகப் பிரித்து நடுவில் கண்ணாடித் தடுப்பு வேண்டும், அதுவும் மங்கல் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றார்கள். கண்ணாடி வேலை என்றால் கண்ணாடிக்காரர்தானே. அளவெடுத்து, வெட்டி, தனியாளாகத் தூக்கி வந்து நிறுத்தினார். மங்கல் கண்ணாடி போட்டால் உள்ளே இருப்பவர் நம்மைப் பார்க்க முடியாது, ஆனால் நாமும் அவரைப் பார்க்க முடியாதே என்று நான் பிரதிநிதி என்ற முறையில் கேட்டுவைத்தேன்.

"நாம் பார்க்க வேண்டியதில்லை, மதிப்பிட்டால் போதும்" என்றார் துணைத் தலைவர் அம்மாள்.

நர்ஸம்மா அந்த நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாவம், மையத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற பதைப்பு அவருக்கு. "சார், இவர்தான் எங்க மொத ஆளு. இந்தக் கையாலதான் ஒரு டம்ளரக்கூடப் பிடிக்க முடியாம வந்தாரு. இப்பப் பாருங்க, நூல் பிசகாம நிறுத்திட்டாரு" என்று பெருமையோடு காட்டினார்.

தலைவர் கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். தடுப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்தது.

"இவரா குடிகாரர்? நம்பும்படி இல்லையே."

"தெருவே சாட்சி சார்."

"தெரு அளவெடுத்து வைத்திருக்கிறதா?"

நர்ஸம்மா திகைத்தார். "வந்தப்ப இவரு தரையில கெடந்தாரு. அப்ப எங்க சார் அளவெடுக்கிறது? மருந்துதான் குடுத்தோம்."

"அங்கேதான் தவறு செய்திருக்கிறீர்கள்" என்றார் தலைவர், அவருக்காக வருத்தப்படுகிறவர் போல. "நிதானமாக இருக்கும் ஒரு மனிதரைக் காட்டி, இது எங்கள் சாதனை என்கிறீர்கள். உலகத்தில் எத்தனையோ பேர் நிதானமாக இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் உங்கள் சாதனையா? கழித்தல் கணக்குப் போட இரண்டு எண்கள் வேண்டும். உங்களிடம் இவருடைய இறுதி நிலை இருக்கிறது, தொடக்க நிலை இல்லை. தொடக்க நிலை இல்லாமல் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லை என்றால் பலன் இல்லை."

"அதுக்கு இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

அந்தக் கேள்விக்காகவே தலைவர் காத்திருந்தது போல எனக்குப் பட்டது.

நர்ஸம்மா அன்று போட்ட சத்தம் தெரு முழுவதும் கேட்டது. "மனுசனா நீங்க? அந்தக் குடி உள்ள தூங்கிட்டு இருக்கு. எழுப்பினா எழுந்துக்கும், அப்புறம் யாரு சொன்னாலும் படுக்காது" என்று கத்தினார். மறுநாள் அவரை மதிப்பீட்டிலிருந்து விலக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்கள். நோயாளிகள் குணமாக வேண்டும் என்ற சார்பு அவரிடம் இருக்கிறதாம். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடுநிலையாக எதையும் அளக்க முடியாதாம்.

குழுவின் கோரிக்கையை முறைப்படி வீட்டுக்குப் போய்ச் சொல்வது சமூகப் பிரதிநிதியின் வேலை. போனேன். கண்ணாடிக் கடையும் வீடும் ஒன்றுதான், முன்னால் கடை, பின்னால் ஒரு அறை. பெயிண்டர் சுவரோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நல்ல வெயில். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது, பல் தந்தியடித்தது. மாத்திரை நின்றதிலிருந்து அவன் தூங்கவில்லை. அக்கா வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே சொல்றாங்க?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ஒரு தடவ குடிச்சுக் காட்டணுமாம். அவங்க அளந்துக்குவாங்களாம். அளந்ததும் அலமாரியத் தொறந்துடுவாங்க. இல்லேன்னா பலன் இல்லன்னு எழுதி மையத்த மூடிடுவாங்க."

"யாரு குடிக்கணும்?" என்றார் மனைவி.

கண்ணாடிக்காரரைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இவனக் கூட்டிக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"உங்க பகுதிக்குத்தான் மையம் இருக்கே, அங்கயே போங்கன்னாங்க. அங்க மூடியிருக்குன்னோம். மூடல, மதிப்பீட்டுல இருக்கு, முடிஞ்சதும் போங்கன்னாங்க" என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார். "நேத்து சுவரெல்லாம் பூச்சி ஊருதுன்னு வெறுஞ்சுவரத் துணி போட்டுத் தொடச்சிட்டிருந்தான். இவன் இப்படியே இருந்தா ஒண்ணு கடைக்கு ஓடுவான், இல்ல இங்கயே போயிடுவான்."

"மாமா, நீ போகாத. நான் சமாளிச்சுக்குவேன்" என்றான் பெயிண்டர். இரண்டு கையாலும் பிடித்திருந்த டம்ளரிலிருந்து தண்ணீர் அவன் சட்டையெல்லாம் வழிந்தது.

மனைவி எழுந்து வந்து புருஷன் முன்னால் நின்றார். "ஏங்க, அவன் என் தம்பி. அவனுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது. ஆனா உங்களக் குடுத்து அவன வாங்கணும்னா, அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம். உங்கள ஒரு தடவ பொறுக்கி எடுத்தாச்சு. மறுபடி அந்தத் தெம்பு எங்கிட்ட இல்லங்க."

"ஒரு தடவதானே. நான் என்ன பச்சப்புள்ளயா?"

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க."

கண்ணாடிக்காரர் மச்சான் தோளில் நழுவிய போர்வையை இழுத்துவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றார். எனக்கும் அவரைத் தடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் நான் அங்கே போனது அவரைக் கூட்டிவரத்தானே.

மேலே எல்லாம் தயாராக இருந்தது. பாட்டில்கள் அட்டைப்பெட்டியில் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் 'மதிப்பீட்டு உபகரணம், வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் தான் நிறுத்திய தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் நிற உருவம் மட்டும்தான் தெரிந்தது. துணைத் தலைவர் அம்மாள் கடிகாரத்தை அமுக்கினார்.

வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் மூடி திருகும் சத்தம். ஊற்றும் சத்தம். உருவம் தலையைப் பின்னால் சாய்த்தது. அம்மாள் தடுப்பில் பேசுவதற்காக விட்டிருந்த துளையில் வாயை வைத்து, "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கும்மா" என்று பதில் வந்தது.

அந்தக் குரல் அவருடைய பழைய குரல். டயருக்குள்ளிருந்து, "யாரு, அண்ணனா? நல்லா இருக்கண்ணே" என்று எத்தனையோ முறை எனக்குக் கேட்ட குரல். அது எங்கேயும் போகவில்லை. இத்தனை வருஷமும் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்திருக்கிறது.

ஒரு தடவையோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அளவு திருப்தியாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "இவர் மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டார். தெரு சொன்ன தொடக்க நிலை இது அல்ல. கையை வெட்டிக்கொள்ளவில்லை, எங்கேயும் விழவில்லை. அந்தக் காலத்துச் சூழ்நிலையை ஏற்படுத்தினால்தான் அந்தக் காலத்து நிலை வரும்" என்றார் தலைவர். ஆகவே நான் இரண்டு லாரி டயர்களை உருட்டி மேலே ஏற்றினேன். கண்ணாடியும் வெட்டும் கருவியும் கொண்டுவந்து வைத்தார்கள். மனைவியையும் வரச் சொல்லலாமா, பழைய நிலையில் அவருக்கும் பங்கு உண்டல்லவா என்று அம்மாள் யோசனை சொன்னார். அவர் வர மறுத்துவிட்டார். ஒத்துழைப்புப் போதவில்லை என்று அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை கண்ணாடிக்காரர் கையை வெட்டிக்கொண்டார். அம்மாள் துள்ளி எழுந்து நேரத்தைப் பார்த்தார். கட்டுப் போடலாமா என்று கேட்டேன். அது சிகிச்சைக்குள் வருமா என்று இருவரும் ஆலோசித்தார்கள். ரத்தம் சிகிச்சை இல்லாமலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது தடவைக்கு நான் போய் அழைக்க வேண்டி வரவில்லை. காலையில் கடையைத் திறக்க வந்தபோது கண்ணாடிக்காரர் ஏற்கெனவே படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வண்டி இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் ஒரு டயரும் கழற்றவில்லை.

அதற்கப்புறம் எத்தனை தடவை என்று நான் கணக்கு வைக்கவில்லை, குழு வைத்திருக்கும். ஒருநாள் தடுப்புக்குப் பின்னால் உருவம் எழுந்தது, டயரில் தடுக்கியது, அதற்குள்ளேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. "வந்துவிட்டது" என்றார் தலைவர், ஏதோ பஸ் வந்துவிட்டது போல. அம்மாள் கடிகாரத்தை நிறுத்தினார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே அலமாரி முத்திரை உடைக்கப்பட்டது. நர்ஸம்மா திரும்பி வந்தார். பெயிண்டரை அக்கா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவன் மாத்திரையை விழுங்கினான். "வீட்ல எல்லாரும் சொகமா?" என்று கேட்டுவிட்டு நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவன் பதில் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்கவும் சொல்லவில்லை.

கீழே தலைவர் நிறைவுரை ஆற்றினார். "நாங்கள் மதிப்பிட்ட மையங்களிலேயே மிகப் பெரிய பலன் இங்கேதான் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. காரணம், இவருடைய தொடக்க நிலை அவ்வளவு மோசமாக இருக்கிறது" என்று கண்ணாடிக்காரரைக் கைகாட்டினார். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்த அவருக்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னார். பழைய குடிகாரர்கள் பாதிப் பேர் அங்கிருந்து எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள், மையம் மூடாமல் இருக்க வேண்டுமே.

கூட்டம் முடிந்ததும் நர்ஸம்மா கண்ணாடிக்காரரிடம் ஓடினார். "வாங்கண்ணே, மேல வாங்க. மறுபடி ஆரம்பிப்போம். ஒண்ணும் ஆகல" என்று தோளைத் தொட்டார்.

துணைத் தலைவர் அம்மாள் குறுக்கே வந்து நின்றார். "அவருக்குக் கொடுக்கக் கூடாது. அவர்தான் தொடக்க நிலை."

"அளந்தாச்சே!"

"அளந்ததை நாளைக்கு யாராவது சரிபார்க்க வந்தால் எதைக் காட்டுவீர்கள்? குணப்படுத்திவிட்டால் தொடக்க நிலை அழிந்துபோகும். மறுபடி உண்டாக்க எவ்வளவு சிரமம் என்று பார்த்தீர்கள் அல்லவா?"

தலைவர் மனைவியின் பக்கம் திரும்பி, ஆறுதலாகவே பேசினார். "கவலைப்படாதீர்கள் அம்மா. உங்கள் கணவரை நாங்கள் கைவிட மாட்டோம். பின்தங்கிய பகுதிகளில் எந்த மையத்திலும் தொடக்க நிலை எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒருவரைப் புதிதாகக் குடிக்க வைப்பது மனிதாபிமானம் ஆகாது. அதனால் இவரையே எல்லா இடங்களுக்கும் கொண்டுபோகப் போகிறோம். போகவர ஜீப், தங்க இடம், எல்லாம் எங்கள் பொறுப்பு."

"எப்பக் கொண்டாந்து விடுவீங்க?" என்று கேட்டார் மனைவி.

"மதிப்பீடு முடிந்ததும்."

அவர் என் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஜீப் வந்தது. அந்த இரண்டு நாளும் பெயிண்டர் தன் மாமாவின் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறான். அவர் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் அவராகவே திறந்துகொண்டு வந்தார். யாரும் ஏற்றிவிட வேண்டியிருக்கவில்லை. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைவரும் அம்மாளும் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே அட்டைப்பெட்டி. நான் சமூகப் பிரதிநிதி என்ற முறையில் வழியனுப்ப நின்றேன்.

பெயிண்டர் ஓடிவந்து ஜீப்புக்கு முன்னால் நின்றான். இந்தச் சில நாள் மாத்திரையில் அவனுக்கு முகம் தெளிந்திருந்தது. நேராக நின்றான். "மாமா, எறங்கு. எனக்காகத்தானே போன? எனக்குத்தான் கெடச்சிடுச்சே. போதும், எறங்கி வா" என்றான். என் கடை வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவும் எழுந்து போய்த் தம்பி பக்கத்தில் நின்றார். அவர் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் தயங்கினார். பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர் போலிருக்கிறது. எஞ்சினை உறும விடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தலைவரும் பொறுமையாகவே இருந்தார், எதற்கும் அவசரப்படாதவர்.

கண்ணாடிக்காரர் முன்கண்ணாடி வழியாக அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "வழி விடு மாப்ள, நேரமாகுது" என்றார். அவர்கள் நகரவில்லை. அவர் டிரைவருக்குக் குறுக்கே கையை நீட்டி ஹாரனை அமுக்கினார். அவர்கள் விலகும்வரை கையை எடுக்கவில்லை.